யூகான் கூடார அடுப்பு பாதியில் அணைகிறதா? முதலில் பர்னரைக் கழற்றாதீர்கள்

அமெரிக்க ராணுவம் ஐந்து பேர், பத்து பேர் கூடாரங்களைச் சூடாக்க வைத்திருந்த எம்-1950 யூகான் அடுப்பு, மின்னசோட்டாவில் ராணுவத்தின் பழைய சாமான் விற்கும் கடைகளில் இப்போதும் கிடைக்கிறது. தகரப் பெட்டி, நான்கு கால்கள், துண்டு துண்டாகக் கோக்கும் புகைக்குழாய். குழாய்த் துண்டுகளை அடுப்புக்குள்ளேயே அடுக்கிவிடலாம். விறகு, நிலக்கரி, பெட்ரோல், மண்ணெண்ணெய் எல்லாம் எரியும். ஐந்து காலன் கேன் ஒன்று 8 முதல் 12 மணி நேரம் வரும். நன்றாகச் செய்த சாமான், தூக்கிப் போட மனம் வராது. நான் வாங்கியது பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துகொண்டே இருந்தது. அதைச் சரிசெய்த விதத்தை இங்கே எழுதுகிறேன்.

சலைன் பாட்டில் ஏற்றுகிற மாதிரிதான் இது வேலை செய்கிறது. முக்காலியில் கேன் கவிழ்ந்து தொங்கும். ஹோஸ் வழியாக எரிபொருள் இறங்கி, ஊசி வால்வில் அளவு குறைந்து, பர்னருக்குள் சொட்டும். அங்கே சூட்டில் ஆவியாகி எரியும். பம்ப் கிடையாது, மின்சாரம் வேண்டாம். ஆகவே கோளாறு பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் இருக்கும்: எரிபொருள் வரும் வழி, அது எரியும் இடம், புகை போகும் வழி.

தொடங்கும் முன் ஒன்று. மூடி ஓரத்திலோ குழாய் இணைப்பிலோ வெள்ளையாகக் கயிறு, துணி மாதிரி ஏதாவது இருந்தால் சுரண்டாதீர்கள். அந்தக் காலத்துச் சாமானில் அது கல்நாராக இருக்கலாம், தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரமாக்கி, தொந்தரவு செய்யாமல் அப்படியே விடுங்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஹோஸை யோசிக்காமல் மாற்றுங்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். மடக்கினால் வெடிப்பு தெரியும், உள்ளே ரப்பர் தூள் தூளாக உதிர்ந்து வால்வில் போய் அடைக்கும். எரிபொருளுக்கென்றே செய்த ஹோஸ் வாங்குங்கள், தோட்டத்து ஹோஸ், பிளாஸ்டிக் ட்யூப் எதுவும் ஆகாது. கூம்பு வாய் உள்ள பித்தளை இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றுவது எனக்கு அறவே பிடிக்காது. அங்கே கசிவைத் தடுப்பது மரை இல்லை, கூம்புதான். பிய்ந்த டேப் துணுக்கு நேராக ஊசி வால்வுக்குத்தான் போகும்.

ஊசி வால்வில் பழைய பெட்ரோல் காய்ந்து தேன் நிறத்தில் பிசின் மாதிரி படிந்திருக்கும். கார்புரேட்டர் கிளீனரில் ஓர் இரவு ஊறவிட்டால் இளகிவிடும். திரும்பப் பூட்டும்போது விரல் பலம் போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் ஊசி நுனியில் வளையம் விழும், அப்புறம் சொட்டை அளவாக வைக்கவே முடியாது.

சரி, இப்போது எனக்கு அதிக நேரம் பிடித்த இடம். ஹோஸ் புதிது, வால்வு சுத்தம், பர்னரில் கரி இல்லை. அடுப்பு அழகாகப் பற்றும், கொஞ்ச நேரத்தில் சொட்டு மெலிந்து அணைந்துவிடும். கேன் நிறைய இருந்தால் சீக்கிரம் அணையும், பாதி கேனாக இருந்தால் தாமதமாக அணையும். இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள், விடை அதில்தான் இருக்கிறது.

கவிழ்ந்த கேனிலிருந்து எரிபொருள் வெளியே வரவேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகவேண்டும். கேன் வாயில் திருகும் அடாப்டரில் அதற்கென்று மெல்லிய வழி ஒன்று உண்டு. அது அடைத்தால் கேனுக்குள் அழுத்தம் குறைந்துகொண்டே போய் ஒழுக்கு நின்றுவிடும். பாதி கேனில் ஏற்கெனவே காற்று நிறைய இருப்பதால் அந்த அளவுக்கு அழுத்தம் குறைய நேரமாகும், அவ்வளவுதான்.

சோதிப்பது சுலபம். வெட்டவெளியில், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல், கேனில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கவிழ்த்து, ஹோஸ் நுனியை ஒரு டப்பாவில் விடுங்கள். ஒழுக்கு நின்றதும் ஹோஸ் நுனியை அடைத்துக்கொண்டு, கேனை நிமிர்த்தி, அடாப்டரை மெதுவாகத் திருகிப் பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் குற்றவாளி அதுதான். என்னுடையதில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. எஃகுக் கம்பியால் குத்த வேண்டாம், மின் வயரின் ஒற்றைச் செம்பு இழை போதும், பித்தளையைக் கீறாது. பிறகு கிளீனர் அடித்து ஊதிவிடுங்கள். அடாப்டர் வாஷரையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

முதல் தடவை வெளியில்தான் எரிக்கவேண்டும், பழைய பெயின்ட் புகைந்து போகட்டும். புகைக்குழாய் முழு உயரத்துக்கும் இருக்கவேண்டும். துண்டு ஒன்று குறைகிறது என்று துத்தநாகம் பூசிய குழாயைச் செருகாதீர்கள், அதிக சூட்டில் அதன் புகை நச்சு. புகை கறுப்பாக வந்தால் சொட்டைக் குறையுங்கள். குறைத்தும் நிற்காவிட்டால் குழாயில் கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எரிபொருளில் என் ஓட்டு மண்ணெண்ணெய்க்கே. பற்ற நேரம் எடுக்கும், ஆனால் அதன் ஆவி தீப்பிடிக்க 38 டிகிரி செல்சியஸாவது வேண்டும். பெட்ரோலுக்கு மைனஸ் 40 போதும், அதாவது எந்தக் குளிரிலும் ஆபத்து.

இதை மட்டும் மறக்கவே கூடாது: அணைந்த அடுப்பு சூடாக இருக்கும்போது தீக்குச்சி கிழிக்காதீர்கள். உள்ளே சொட்டியது ஆவியாகி நிறைந்திருக்கும், மூடியைத் தூக்கி முகத்தில் அடிக்கும். வால்வை மூடி, வெறுங்கை வைக்கிற அளவு ஆறவிட்டு, தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகே பற்றவையுங்கள்.

பிற்சேர்க்கை: படித்த இரண்டு பேர், காற்று வழி சுத்தமாக இருந்தும் கடுங்குளிரில் அணைகிறது என்று எழுதினார்கள். அது எரிபொருளில் கலந்த தண்ணீர். பனிக்கட்டியாகி வால்வில் உட்கார்ந்துகொள்கிறது. கேனைக் காலிசெய்து நன்றாக உலர்த்துங்கள், தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி வைத்த புனல் வழியாக மட்டும் ஊற்றுங்கள். கரண்ட் போனால் வீட்டுக்குள் வைத்து எரிக்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கூடாரத்திலும் பேட்டரி அலாரம் ஒன்று தொங்கவேண்டும், தூங்கப் போகுமுன் அடுப்பை அணைத்துவிடவேண்டும்.