கதைக்குள் நோக்கம் தேடும்போது நடக்கும் சொதப்பல்கள்

கடவுள் நம்மை எதற்காக வைத்திருக்கிறார் என்கிற நோக்கத்தைப் பற்றி ஞாயிறு பள்ளியில், அதாவது தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு நடக்கும் பைபிள் வகுப்பில், கதை சொல்கிற பலர் மனப்பாடத்துக்கான பைபிள் வசனத்தை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குத் தோதாக ஒரு கதையைத் தேடுகிறார்கள். அங்கேயே பாதி கெட்டுவிடுகிறது. கதை பாதியில் இருக்கும்போதே 'இதோ, வசனம் வரப்போகுது' என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துபோகும், அப்புறம் யார் காது கொடுப்பார்கள்? நார்னியாக் கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ்கூடக் கிறிஸ்தவத்தைச் சிறுவர்களுக்கு எப்படிச் சொல்லலாம் என்று திட்டம் போட்டு உட்காரவில்லை. பனிக்காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடக்கும் ஆட்டுக்கால் மனிதன் ஒருவனின் படம் 16 வயதிலிருந்தே அவர் மனதில் கிடந்தது, இயேசுவின் சாயலாக வரும் சிங்கம் பிறகுதான் வந்து சேர்ந்தது.

சரி, ஒரு கதையை எடுத்தே பார்த்துவிடலாம். ஆஸ்கர் வைல்ட் 1888-இல் வெளியிட்ட மகிழ்ச்சியான இளவரசன் கதை. சிலையாக நிற்கும் இளவரசன் தன் வாளிலிருந்த மாணிக்கத்தையும், கண்களாக இருந்த இரண்டு நீலக்கற்களையும், மேலே போர்த்திய தங்கத் தகடுகளையும் ஒரு தகைவிலான் குருவியிடம் கொடுத்து ஏழைகளுக்கு அனுப்புகிறான். 'ஆகவே பிள்ளைகளே, பகிர்ந்து கொடுக்க வேண்டும்' என்று முடித்துவிடுகிறோம். தப்பில்லை, ஆனால் நோக்கத்தைப் பற்றி அந்தக் கதை சொல்வது குருவியிடம் இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. குருவியின் திட்டம் எகிப்துக்குப் போவது. இன்று ஒரு இரவு மட்டும் இரு என்று இளவரசன் கெஞ்சக் கெஞ்ச அது தங்குகிறது. கடைசியில் அவன் பார்வை போனதும், நீ போய்விடு என்று அவனே சொன்னாலும் போக மாட்டேன் என்கிறது. உன் வேலை இதுதான் என்கிற அழைப்பு அதற்கு மொத்தமாக ஒரே நாளில் வரவில்லை, ஒவ்வொரு இரவாக வந்தது.

எனக்கு ரொம்ப உறுத்துகிற தவறு, நோக்கம் என்றாலே பெரிய ஆளாவது என்று பிள்ளைகள் மனதில் பதிய வைப்பது. டாக்டராவாய், கலெக்டராவாய், கர்த்தர் உனக்கென்று திட்டம் வைத்திருக்கிறார், எரேமியா 29:11, ஆமென். அதற்கு முந்தின வசனத்தையும் வாசித்துப் பாருங்கள், பாபிலோனில் 70 வருடம் முடிந்த பிறகுதான் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது, பரீட்சை ரிசல்ட்டுக்கான வாக்குத்தத்தம் இல்லை. வைல்டின் கதையிலும் பொன் உரிந்த சிலையைப் பார்த்து ஒரு பேராசிரியர் 'அழகு போய்விட்டது, இனி பயனில்லை' என்கிறார். வைல்ட் கிண்டல் செய்கிற அந்த ஆளின் வாதத்தைத்தான் நாம் வகுப்பில் பாடமாக நடத்திக்கொண்டிருக்கிறோம். படிப்பு ஏறாத பிள்ளையும், உடம்புக்கு முடியாத பிள்ளையும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

குருவி சாவதையும், சிலையின் ஈய இதயம் இரண்டாகப் பிளப்பதையும், பிள்ளைகள் அழுவார்கள் என்று வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. வெட்டினால் கதையே போச்சு. நகரத்தின் மிக விலையுயர்ந்த இரண்டு பொருள்களைக் கொண்டுவா என்று கடவுள் சொல்ல, தேவதூதன் குப்பையிலிருந்து எடுத்துப்போவது அந்த இரண்டையும்தானே?

குருவி பரிசுத்த ஆவி, சிலை சபை என்று ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கட்டுவதும் வேண்டாம். வைல்டுக்கு இயேசுவைக் காட்ட வேண்டியிருந்தபோது நேராகவே காட்டினார், சுயநல அரக்கன் கதையில் வரும் சிறுவனின் கைகளிலும் கால்களிலும் ஆணித் தழும்புகள் இருக்கின்றன.

கதை முடிந்த கையோடு 'இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது' என்று ஆரம்பிக்கும் பழக்கத்தையும் விடலாம். நல்ல சமாரியன் கதையை இயேசு முடித்தது ஒரு கேள்வியில், பதிலைச் சொன்னவன் கேட்டுக்கொண்டிருந்த நியாயசாஸ்திரி, அதாவது யூதச் சட்டம் படித்த ஆள். அதேபோல, குருவி ஏன் எகிப்துக்குப் போகவில்லை என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த ஞாயிறு திரும்பக் கேட்கலாம், அவசரம் ஒன்றும் இல்லை.