கெல்சோவைத் தேடி கெல்ஃபோவைக் கண்டேன்

ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில், ட்வீட் ஆறும் டீவியட் ஆறும் கூடுமிடத்தில் அமைந்துள்ள சந்தை நகரமான கெல்சோவில், 1797-ஆம் ஆண்டு வெள்ளம் பழைய பாலத்தை அடித்துச் சென்றது. இன்றுள்ள பாலம் ஜான் ரென்னி வடிவமைத்து 1803-இல் முடிந்தது. வெள்ளச் செய்தியை அக்காலத்து இதழ்களிலேயே படிக்க விரும்பி, மின்வடிவக் காப்பகம் ஒன்றில் நகரின் பெயரை இட்டுத் தேடினேன். இரண்டு மாலைகள் வீணாயின. பயனுள்ள முடிவு ஒன்றுகூடக் கிட்டவில்லை.

சலிப்புற்று ஒரு பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. அக்கால அச்சில் சொல்லின் முதலிலும் இடையிலும் வரும் ‘எஸ்’ எழுத்து, ஏறத்தாழ ‘எஃப்’ போலவே நீண்டு நிற்கும். குறுக்குக்கோடு இடப்பக்கம் மட்டும் சிறு முள்ளாக நீட்டியிருக்கும், அவ்வளவே வேறுபாடு. பக்கப் படத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் அதை ‘எஃப்’ என்றே படித்து, கெல்சோவைக் கெல்ஃபோ ஆக்கியிருந்தது. சொல்லின் இறுதியில் வழக்கமான ‘எஸ்’ வருவதால் அங்கே இச்சிக்கல் இல்லை.

எனவே கெல்ஃபோ என்றே தேடினேன். பிறகு ‘எஸ்’ அறவே இல்லாத ‘ட்வீட்’, ‘பிரிட்ஜ்’ என்னும் சொற்களைச் சேர்த்து இட்டு, ஆண்டையும் 1797 எனக் குறுக்கினேன். இரண்டாவது வழியே சிறந்தது, ஏனெனில் அதில் ஊகத்துக்கே இடமில்லை. மூன்றாம் முடிவிலேயே பாலம் விழுந்த செய்தி, மங்கிய மையில், ஒரு பத்தியாகக் கிடைத்தது.