ஒரு தொடை எலும்பு நான்கு கை கால்களுக்குச் சாட்சி ஆகாது

கர்ப்பகால ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘எஃப்எல்’ என்று ஓர் அளவு இருக்கும். அது தொடை எலும்பின் நீளம். பெரும்பாலும் ஒரு பக்கத் தொடையை மட்டும்தான் அளப்பார்கள். தலை, வயிறு அளவுகளோடு சேர்த்துக் குழந்தையின் எடையைக் கணக்கிட அது போதும். ஆனால் அந்த எண் சரியாக இருந்தால் கை கால் எல்லாமே சரி என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு.

அரிதான கை கால் குறைபாடுகள் பல ஒரு பக்கத்தில் மட்டுமே வருபவை. ஒரு தொடை எலும்பு மட்டும் குட்டையாக இருக்கலாம். முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளில் மெல்லியதான ஃபிபுலா இல்லாமல் இருக்கலாம். மறுபக்கத் தொடையை அளந்தால் இது எப்படித் தெரியும்? தோளிலிருந்து விரல் வரை, இடுப்பிலிருந்து பாதம் வரை நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தொலைவில் இருக்கும் கை, முன்னால் உள்ள எலும்புகளின் நிழலில் மறைந்துவிடும். அப்போது ஒரே கையை இரண்டு தடவை பார்த்துவிட்டு இரண்டு கை என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு.

‘தெரியவில்லை’ என்பதையும் ‘இல்லை’ என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. குழந்தை கையை மூடி வைத்திருந்தால் விரல்களை எண்ண முடியாது. கொஞ்ச நேரம் காத்திருக்கலாம், இல்லையென்றால் வேறொரு நாள் திரும்பப் பார்க்கலாம். அதற்காக ரொம்பவும் தள்ளிப்போடவும் கூடாது. கை கால்களை 11 முதல் 14 வார ஸ்கேனிலேயே ஓரளவு பார்க்கலாம், 18 முதல் 22 வாரத்தில் விரிவாகப் பார்க்கலாம். கடைசி மாதங்களில் இடம் நெருக்கமாகி, கை கால்கள் மடங்கிக் கிடக்கும்.

குறை ஒன்று கண்ணில் பட்டதும் அதோடு நிறுத்திக்கொள்வது இன்னொரு தவறு. முன்கையில் கட்டைவிரல் பக்கம் உள்ள ரேடியஸ் எலும்பு இல்லையென்றால் கட்டைவிரலைத் தேட வேண்டும். ரேடியஸ் இல்லாமல் கட்டைவிரல் மட்டும் இருந்தால், ரத்தத் தட்டணுக்கள் குறையும் டார் நோய்க்குறியை நினைக்க வேண்டும். கட்டைவிரலும் இல்லையென்றால் ஃபான்கோனி ரத்தசோகை (எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் மரபு நோய்) உட்பட வேறு காரணங்களை யோசிக்க வேண்டும். ஹோல்ட்-ஓரம் நோய்க்குறியில் கைக்குறையோடு இதயக் குறையும் வரலாம். அதனால் குழந்தையின் இதயத்தையும் விரிவாக ஸ்கேன் செய்து பார்ப்பது அவசியம்.

அப்புறம், அம்மாவைக் குற்றவாளி ஆக்குவதும் தவறுதான். பனிக்குடச் சவ்வின் இழைகள் சுற்றி விரலோ கையோ பாதிக்கப்படுவது பெரும்பாலும் தற்செயலாக நடப்பது. அடுத்த குழந்தைக்கும் அப்படியே வரும் என்று பயந்து முடிவெடுக்கும் முன் மரபியல் மருத்துவரிடம் ஒரு தடவை பேசுங்கள்.