100-க்குள் ஒரு ரவுண்டு: வாரக்கடைசி கோல்ஃப் ஆட்டக்காரருக்கு

முதலில் கணக்கு. 18 ஹோல் மைதானத்தில் பார், அதாவது நல்ல ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய அடிகளின் கணக்கு, பெரும்பாலும் 72, இல்லையென்றால் அதற்கு ஒன்றிரண்டு குறைவு. நமக்கு வேண்டியது 99. நடுவில் 27 அடி இருக்கிறது. ஒன்பது ஹோலில் போகி (பாரை விட ஒரு அடி கூடுதல்), மீதி ஒன்பதில் டபுள் போகி (இரண்டு அடி கூடுதல்) போட்டால் ஒன்பதும் பதினெட்டும் சேர்ந்து 27. காலை முழுக்க ஒரு பார்கூட எடுக்காமல், 99 என்று கார்டில் எழுதிவிட்டு வந்து நிம்மதியாகக் காபி குடிக்கலாம். ஆபீஸ், வீடு, பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் போக மிச்சம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மட்டும் ஆடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

இதைக் காகிதத்தில் கொண்டுவருவதுதான் முதல் வேலை. டீ ஆஃபுக்கு (முதல் அடிக்கு) முன்னால் ஸ்கோர் கார்டை எடுத்துப் பாருங்கள். ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் என்று ஒவ்வொரு ஹோலுக்கும் 1 முதல் 18 வரை ஒரு எண் போட்டிருக்கும். பொதுவாகச் சிறிய எண் என்றால் கஷ்டமான ஹோல். இண்டெக்ஸ் 1 முதல் 9 வரை உள்ள ஹோல்களில் பாருடன் இரண்டைக் கூட்டுங்கள், மற்றவற்றில் ஒன்றைக் கூட்டுங்கள், பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இனி அதுதான் உங்கள் பார். கஷ்டமான ஒரு பார்-4-ல் ஆறு அடித்துவிட்டு வெளியே வந்தால் தலையைத் தொங்கப் போட வேண்டியதில்லை, திட்டப்படிதான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அதே ஹோலில் ஐந்து வந்தால் கையில் ஒரு அடி லாபம், அதை வேறெங்காவது செலவழிக்கலாம்.

டபுள் போகி என்றாலே கேவலம் என்று நினைப்பவர்கள் 2025 மாஸ்டர்ஸ் போட்டியை நினைத்துப் பார்க்க வேண்டும். ரோரி மெக்கில்ராய் அந்த வாரம் நான்கு டபுள் போகி போட்டார். அதில் இரண்டு கடைசி நாளில், அதிலும் ஒன்று அன்றைய முதல் ஹோலிலேயே. அப்புறமும் ஜஸ்டின் ரோஸை பிளேஆஃபில் வென்று வெற்றியாளருக்கான பச்சைக் கோட்டுப் போட்டுக்கொண்டார். உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு ஒரு வாரத்தில் நான்கு என்றால் நமக்கு ஒரு காலையில் ஒன்பது தாராளமாக இருக்கலாம்.

அடுத்தது பை. விதிப்படி 14 கிளப் (பந்தடிக்கும் மட்டை) வரைக்கும் எடுத்துப்போகலாம், ஆனால் 14 இருந்தே ஆக வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. தூரத்துக்கு ஒரு டிரைவர், ஒரு ஹைப்ரிட், நடுத்தூரத்துக்கு 7, 9 நம்பர் அயர்ன், கிட்டத்துக்கு ஒரு பிட்சிங் வெட்ஜ், ஒரு சாண்ட் வெட்ஜ், உருட்டுவதற்கு ஒரு புட்டர், இந்த ஏழு போதும். பழைய செட்டாக வாங்குங்கள். பந்துக்கும் அதே யோசனைதான். குளத்திலிருந்து எடுத்துக் கழுவி விற்கிற பந்துகள் மலிவாகக் கிடைக்கும், 100-ஐத் தாண்டாமல் முடிக்கப் பார்க்கும் ஒருவருக்கு அதற்கும் புதுப் பந்துக்கும் வித்தியாசமே தெரியாது, தவிர புதுப் பந்து தண்ணீரில் விழுந்தால் அடுத்த இரண்டு ஹோலுக்கு மனசு அங்கேயே இருக்கும். காசு செலவழிக்க ஆசையாக இருந்தால் கையுறையில் செலவழியுங்கள். சென்னையில் மே மாதம் ஆறு மணிக்குத் தொடங்கினாலும் எட்டு மணிக்குள் கையுறை நனைந்து வழுக்கும், ஆகவே மாற்றிக்கொள்ள இன்னொன்று, ஒரு துண்டு, இரண்டு பாட்டில் தண்ணீர். வேர்வையில் கிளப் வழுக்குகிறதே என்று இறுக்கிப் பிடிப்பதுதான் பாதி மோசமான அடிகளுக்குக் காரணம்.

சரி, டீ பாக்ஸுக்கு, அதாவது ஹோல் தொடங்கும் இடத்துக்குப் போவோம். 360 யார்டு பார்-4 முன்னால் நிற்கிறது. பின்னால் அடுத்த நான்கு பேர் காத்திருக்கிறார்கள், கூட வந்தவர் டிரைவரை உருவிவிட்டார், உங்கள் கையும் தானாக டிரைவருக்குத்தான் போகும். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். 7 நம்பர் அயர்னை 120 யார்டு நேராக அடிக்க உங்களால் முடியும் என்றால் மூன்று அடியில் 360 வந்துவிடுகிறது, அங்கே இரண்டு புட் (குழியை நோக்கி உருட்டும் அடி), மொத்தம் ஐந்து, போகி. 480 யார்டு பார்-5 என்றால் நான்கு அடி, இரண்டு புட், அதுவும் போகி. டிரைவரைத் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன், கோல்ஃபில் இருக்கிற சந்தோஷத்தில் பாதி அந்த ஒரு சத்தத்தில் இருக்கிறது, இரண்டு பக்கமும் இடம் தாராளமாக இருக்கிற ஹோலில் எடுத்து வெளுத்து வாங்குங்கள். வலது பக்கம் மைதான எல்லையைக் காட்டும் வெள்ளைக் கம்புகள் நட்டிருக்கிற ஹோலில் மட்டும் டிரைவரைப் பைக்குள்ளேயே வையுங்கள்.

வலது பக்கம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நம்மில் பெரும்பாலானவர்களின் பந்து வலது பக்கம்தான் வளையும். ஸ்லைஸ். கிளப் போகிற பாதையை விட அதன் முகம் வலது பக்கமாகத் திறந்திருந்தால் பந்து சுழன்று வலது பக்கம் வளைகிறது, அவ்வளவுதான் விஷயம். இதற்கு நம்மாட்கள் செய்கிற வைத்தியம் இன்னும் இடது பக்கம் திரும்பி நிற்பது. அப்படி நின்றால் கிளப் வெளியிலிருந்து உள்நோக்கி இன்னும் அதிகமாகக் குறுக்கே வரும், வளைவும் கூடும், பந்து பக்கத்து ஃபேர்வேயில் (வெட்டிய புல்பாதையில்) ஆடுகிறவர்களை விசாரித்துவிட்டு வரும். அதற்குப் பதில் பிடியைப் பாருங்கள். வலது கைக்காரராக இருந்தால், பந்துக்கு மேல் நின்று குனிந்து பார்க்கும்போது இடது கையின் விரல் முட்டிகளில் இரண்டு அல்லது மூன்று தெரிய வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தால் கையைக் கொஞ்சம் வலது பக்கமாக உருட்டிப் பிடியுங்கள். இரண்டு மூன்று நாள் பிராக்டிஸ் ரேஞ்சில் அசௌகரியமாக இருக்கும், பந்து இடது பக்கம்கூட ஓடும், பரவாயில்லை. ஆனால் இந்த மாற்றத்தை ரேஞ்சில் செய்யுங்கள், ரவுண்டுக்கு நடுவில் ஏழாவது ஹோலில் வேண்டாம்.

பந்து வெள்ளைக் கம்பைத் தாண்டிவிட்ட மாதிரி இருந்தால் ஒரு அடி அபராதத்தோடு பழைய இடத்திலிருந்தே திரும்ப அடிக்க வேண்டும். அங்கே போய்த் தேடிவிட்டுத் திரும்பி நடந்து வருவதற்குள் எல்லோருக்கும் பொறுமை போய்விடும், அதனால் சந்தேகமாக இருக்கும்போதே இன்னொரு பந்தை அடித்துவிடுங்கள். அடிப்பதற்கு முன்னால் "புரொவிஷனல்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அடித்தால் இரண்டாவது பந்துதான் ஆட்டத்தில் இருக்கிற பந்து, முதலாவது வேப்பமரத்தடியில் பத்திரமாகக் கிடைத்தாலும் செல்லாது. தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். 2019-க்கு முன்னால் ஐந்து நிமிடம் இருந்தது, பழைய ஆட்கள் சிலர் இன்னும் அந்தக் கணக்கிலேயே புதரைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். யாராவது இருக்கிற பக்கம் பந்து போனால் வெட்கப்படாமல் "ஃபோர்!" என்று அடித்தொண்டையில் கத்துங்கள். 46 கிராமுக்குக் கொஞ்சம் குறைந்த பந்துதான், தலையில் பட்டால் அப்படி இருக்காது.

இப்போது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம், மரங்களுக்கு நடுவே. பந்து கிடக்கிறது, முன்னால் இரண்டு மரம், நடுவில் ஒரு ஜன்னல் அளவுக்கு இடைவெளி, அதற்கு அந்தப் பக்கம் கொடி தெரிகிறது. கொடி தெரிந்தாலே மனசு கெட்டுவிடும். இந்த நேரத்தில் உங்கள் பையைத் தூக்கி வருகிற கேடியின் கையைப் பாருங்கள். நீங்கள் ஹைப்ரிட் கேட்பீர்கள், அவர் அதை எடுக்க மாட்டார், பிட்சிங் வெட்ஜைப் பாதி உருவி வைத்துக்கொண்டு, "சார், சைடுல போட்டுக்கலாம் சார்" என்பார். வருஷக்கணக்காக அதே மரத்தடியில் நூற்றுக்கணக்கான ஆட்களின் பந்து மரத்தில் பட்டுத் திரும்பி வந்ததைப் பார்த்த மனிதர் அவர். கேளுங்கள். ஃபேர்வேக்குப் பக்கவாட்டில் தட்டிவிட்டால் ஒரு அடி போகும், ஹோல் ஆறில் முடியும். இடைவெளியில் நுழைக்கப் பார்ப்பதில்தான் எட்டு, ஒன்பது எல்லாம் பிறக்கின்றன. 99-க்கும் 108-க்கும் உள்ள வித்தியாசம் அநேகமாக ஒரு ரவுண்டில் வருகிற இப்படி மூன்று முடிவுகள்தான். இந்த நாட்டில் கேடியாகத் தொடங்கியவர்கள் ஆட்டத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டு பெரிய இடத்துக்குப் போயிருக்கிறார்கள். 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். ஆகவே கேடி வெட்ஜை நீட்டினால் வெட்ஜை வாங்குங்கள், ரவுண்டு முடிந்ததும் மனசாரக் கொடுத்தனுப்புங்கள்.

பங்கர் என்கிற மணல்குழியில் நம்மில் பலர் பந்தை அடிக்கப் பார்க்கிறோம், அங்கே அடிக்க வேண்டியது மணலை. கால்களை மணலில் கொஞ்சம் புதைத்து நில்லுங்கள், சாண்ட் வெட்ஜின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து வையுங்கள், பந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னால் மணலில் ஒரு இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, தயிரின் மேலே படிந்த ஆடையைக் கரண்டியால் வழிக்கிற மாதிரி அந்த மணலை வழித்து வெளியே வீசுங்கள், பந்து அதோடு வந்துவிடும். கிளப்பைப் பாதியில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் பந்து அங்கேயே இருக்கும். அடிப்பதற்கு முன் பந்துக்குப் பின்னால் மணலில் கிளப்பை ஊன்றுவதும் பிராக்டிஸ் ஸ்விங்கில் மணலைத் தொடுவதும் தப்பு, அபராதம் உண்டு. இரண்டு முறை முயன்றும் வெளியே வரவில்லை என்றால், இரண்டு அடி அபராதம் ஏற்றுக்கொண்டு, கொடிக்கும் பந்துக்கும் நேர்கோட்டில் பங்கருக்குப் பின்னால் பந்தை வெளியே போட்டு ஆடவும் விதியில் வழி இருக்கிறது. ஆழமான பங்கரில் மாட்டிக்கொண்டு உள்ளேயே ஆறு ஏழு அடி செலவழிப்பதை விட அது எவ்வளவோ மேல்.

கிரீனுக்கு, அதாவது குழி இருக்கிற வழவழப்பான புல்தரைக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரே கொள்கை: பந்தை எவ்வளவு சீக்கிரம் தரையில் உருட்ட முடியுமோ அவ்வளவு சீக்கிரம். புல் குட்டையாக இருந்தால் கிரீனுக்கு வெளியிலிருந்தே புட்டரால் தட்டுங்கள். டிவியில் மாதிரி உயரத் தூக்கிப் போடுகிற ஷாட்டுக்கு ஆசைப்பட்டால் அடி பந்தின் வயிற்றில் பட்டு கிரீனைத் தாண்டி அந்தப் பக்கப் பங்கருக்குள் போய்விடும்.

புட்டிங்கை யாரும் பயிற்சி செய்வதில்லை என்பதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். பார் 72 என்று சொல்லும்போதே ஒரு ஹோலுக்கு இரண்டு புட் என்று வைத்துத்தான் அந்தக் கணக்குப் போடப்படுகிறது, 36 புட், அதாவது ஆட்டத்தில் சரிபாதி. ஆனால் ரேஞ்சில் ஒரு வாளிப் பந்தையும் டிரைவரிலேயே தீர்த்துவிட்டு நேராக முதல் டீக்குப் போகிறவர்கள்தான் அதிகம். பதினைந்து நிமிடம் முன்னதாக வாருங்கள். பிராக்டிஸ் கிரீனில் பத்துப் பதினைந்து அடியெடுத்து வைக்கிற தூரத்தில் மூன்று பந்தைப் போட்டு, உள்ளே விழுவதைப் பற்றியே கவலைப்படாமல், மூன்றும் குழிக்கு ஒரு மீட்டருக்குள் நிற்கிற மாதிரி உருட்டுங்கள். தூரம் கைக்கு வந்துவிட்டால் மூன்று புட் போய்விடும். குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர், பந்தின் குறுக்களவு 43-க்கும் கொஞ்சம் குறைவு, பக்கத்தில் வைத்தால் இரண்டரைப் பந்து தாராளமாக உள்ளே போகும் என்பதை ஒரு மீட்டர் புட்டுக்கு முன்னால் நின்று கை நடுங்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். 2019-லிருந்து கொடியைக் குழியிலேயே விட்டுவிட்டுப் புட் செய்யலாம், நேரமும் மிச்சம்.

கூட ஆடுகிறவர்கள் விஷயத்தில் ஒன்றே ஒன்று: கேட்காமல் யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். "தலையைத் தூக்கிட்டீங்க" என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்கிற மாமா ஒருவர் நான்கு பேர் ஆடுகிற எல்லாக் கூட்டத்திலும் இருப்பார், பந்து ஏன் போகவில்லை என்பதற்கு உலகத்தில் வேறு காரணமே கிடையாது என்பதுபோல. தயாராக இருக்கிறவர் முதலில் அடிப்பது, பங்கரை வாரிவிட்டு வருவது, பின்னால் வருகிறவர்களை வழிவிட்டு அனுப்புவது, இவை போதும், உங்களோடு ஆட எல்லோரும் கூப்பிடுவார்கள்.

ஒரு ஹோல் கைமீறிப் போய்விட்டது, எட்டு அடித்தும் இன்னும் கிரீனைப் பார்க்கவில்லை என்றால்? நண்பர்களுக்குள் ஆடும்போது ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடுங்கள். ஹேண்டிகேப் (திறமைக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகள்) கழித்த பிறகு பாருக்கு இரண்டு புள்ளி, போகிக்கு ஒன்று, அதற்கு மேல் போனால் பூஜ்யம். பூஜ்யம் வந்ததும் பந்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்கு நடக்கலாம். இந்த முறையைக் கொண்டுவந்த டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டுக்கு நம்மைப் போன்றவர்கள் நிறையக் கடன்பட்டிருக்கிறோம்.

வெயில் தாங்கவில்லை என்றால் வருஷத்துக்கு ஒருமுறை மலைக்குப் போங்கள். 1895-ல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் ஏழாயிரம் அடி உயரத்துக் காற்றில் அதே 7 நம்பர் அயர்ன் கொஞ்சம் கூடுதலாகவே பறக்கும், அதனால் வழக்கத்தை விடக் குறைந்த தூரம் போகிற கிளப்பை எடுங்கள். ஃபேர்வேயில் காட்டெருமைக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தால் அவை நகரும்வரை தள்ளி நில்லுங்கள். பந்து அவற்றுக்குப் பக்கத்தில் கிடந்தால் போகட்டும், விட்டுவிடுங்கள். ஆபத்தான விலங்குக்குப் பக்கத்தில் கிடக்கிற பந்துக்கு அபராதமில்லாமல் வேறு இடத்தில் ஆட விதியே அனுமதிக்கிறது.

கடைசியாக, ஹேண்டிகேப் இல்லாதவர்கள் உடனே வாங்குங்கள். நன்றாக ஆட வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம், மொத்தம் 54 ஹோலுக்குக் கார்டு கொடுத்தால் போதும், 54.0 வரைக்கும் ஹேண்டிகேப் உண்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்டையும் கொடுங்கள், 117 அடித்த கார்டையும் சேர்த்து. கடைசி 20 ரவுண்டுகளில் சிறந்த எட்டை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார்கள், மற்ற பன்னிரண்டு எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்தச் சராசரிக்குள் வராது.