நைத்திரேற்றும் நைத்திரைற்றும்: கிணற்றுத் தண்ணி ரிப்போட்டில் விடக்கூடாத பிழைகள்

கிணற்றுத் தண்ணியைச் சோதிக்கக் கொடுத்தால் வரும் ரிப்போட்டில் நைத்திரேற்று என்று ஒரு வரி, நைத்திரைற்று என்று இன்னொரு வரி இருக்கும். ஏதோ எழுத்துப் பிழையாக்கும் என்று ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள், இரண்டும் வேறு வேறு.

நைத்திரேற்றில் ஒரு நைதரசனோடு மூன்று ஒட்சிசன், நைத்திரைற்றில் இரண்டு. இதை வைத்து ‘ஏற்று’ என்றால் மூன்று, ‘ஐற்று’ என்றால் இரண்டு என்று பாடமாக்கும் பிள்ளைகள் சல்பேற்றில் வந்து மாட்டுவார்கள், ஏனென்றால் அதில் நான்கு, சல்பைற்றில்தான் மூன்று. ‘ஏற்று’ உள்ளதில் ஒட்சிசன் கூட, அவ்வளவுதான்.

உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டலின்படி குடிதண்ணி ஒரு லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராம் வரை இருக்கலாம், நைத்திரைற்று வெறும் 3. ஆகவே 10 என்ற எண் முதல் வரியில் இருந்தால் கவலை இல்லை, இரண்டாவதில் இருந்தால் அந்தத் தண்ணியைக் குடிக்கக் கூடாது.

எனக்கு இதைவிடப் பயம் தருவது வேறொன்று. சில ரிப்போட்டில் ‘நைத்திரேற்று நைதரசன்’ என்று இருக்கும், அதாவது நைதரசனின் எடையை மட்டும் கணக்கெடுத்திருப்பார்கள். அங்கே 15 என்று கண்டு, 50க்குக் கீழே தானே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். முழு நைத்திரேற்றின் எடை தெரிய அதை 4.43 ஆல் பெருக்க வேண்டும், 66 வரும், எல்லை தாண்டிவிட்டது.

எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவும் மலசலகூடக் குழியில் ஊறுவதும் வெடிப்புகளால் நேரே கீழே இறங்கிவிடும். தண்ணி பார்க்கக் கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். நைத்திரேற்றை உடம்பில் உள்ள பற்றீரியா நைத்திரைற்றாக மாற்றும், அது இரத்தத்தில் ஈமோகுளோபினின் இரும்பை மாற்றிவிட, ஒட்சிசன் காவ முடியாமல் போகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்துக் கூட, உடம்பு நீலம் பாரிக்கும்.

சரி, கொதிக்க வைத்தால் போகாதா? போகாது, தண்ணி ஆவியாகப் போக நைத்திரேற்றின் செறிவு இன்னும் கூடும். குளோரின் போட்டால் நைத்திரைற்று நைத்திரேற்றாக மாறும், நைத்திரேற்று அப்படியே கிடக்கும். ஆர்.ஓ. வடிகட்டி, அதாவது தண்ணியை மிக நுண்ணிய துளையுள்ள மென்தகட்டினூடாக அழுத்தி வடிப்பது, நைத்திரேற்றைக் குறைக்கும், ஆனால் அதன் மென்தகட்டை நேரத்துக்கு மாற்றி, வடிகட்டிய தண்ணியையும் ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் பால்மா கரைக்க எடுக்க வேண்டும்.