தனியாக நீண்ட தூரம் ஓடும்போது உற்சாகத்தைக் கெடுக்கும் தவறுகள்

தனியாக லாங் ரன் போகிறவர்கள் பலர் சொல்வது இதுதான்: பாதி தூரத்திலேயே சலித்துப் போகிறது, மனசு ஒத்துழைக்கவே மாட்டேன் என்கிறது. என்னைக் கேட்டால், இதில் பெரும்பகுதி மனசின் குற்றமே இல்லை. வேகத்திலும் சாப்பாட்டிலும் நடக்கும் தவறுக்கு மனசு பழி சுமக்கிறது.

வேகத்தையே முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் மற்ற தவறுகள் எல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. முதல் சில கிலோமீட்டர் எல்லாருக்கும் சுலபமாகத்தான் இருக்கும். கால் புதுசு, மூச்சு அடங்கியிருக்கும், அதனால் சரியான வேகம் கூட ரொம்ப மெதுவாகத் தோன்றும். கூட்டமாக ஓடும்போது பேச்சு நம்மைக் கட்டுப்படுத்துகிறது, மூச்சு வாங்கினால் பேச்சு நின்றுவிடும், உடனே எல்லாரும் கொஞ்சம் குறைப்பார்கள். தனியாக ஓடும்போது அந்தக் கடிவாளம் இல்லை. ஆகவே அவ்வப்போது ஒரு முழு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். நேரம் ஆக ஆக, குறிப்பாக வெயிலில், அதே வேகத்துக்கே இதயத்துடிப்பு ஏறும், அது இயல்பு. அப்போதும் வாட்ச் காட்டும் வேகத்தை விடாப்பிடியாகத் துரத்தினால் கடைசி ஒரு மணி நேரம் தண்டனைதான், அடுத்த வாரம் ஷூவை எடுக்கவே கை வராது.

அடுத்தது சாப்பாடு. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன், அதாவது உடல் சேமித்து வைத்த மாவுச்சத்து, குறைந்துகொண்டே வரும்போது கால் கனப்பதற்கு முன்பே பலருக்கு மனநிலை மாறிவிடுகிறது. எரிச்சல் வரும், ‘எதுக்கு இதெல்லாம்’ என்று தோன்றும். அதை ஊக்கக் குறைவு என்று நினைத்து மனசோடு சண்டை போடாதீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுவதாக இருந்தால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. பசிக்கும்வரை காத்திருக்காமல் முதல் மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிட வேண்டும். தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்தால் போதும். பயந்துபோய் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகிவிடும்.

ஓட்டத்துக்கு முன் செய்த வேலையையும் கணக்கில் எடுங்கள். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், 90 நிமிடம் மூளையைக் கசக்கும் வேலை செய்தவர்கள் அதன்பின் சைக்கிள் மிதிக்கையில் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கைவிட்டார்கள். இதயத்திலோ தசையிலோ அதற்கேற்ற மாற்றம் இல்லை, ஆனால் அதே மிதி அவர்களுக்குக் கூடுதல் கஷ்டமாகத் தெரிந்தது. நாள் முழுக்கத் தலை வெடிக்க வேலை பார்த்துவிட்டு ஓடப் போய், ஓட்டம் கசக்கிறது என்பதற்காக உங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்வது அநியாயம்.

முழு தூரத்தையும் தலையில் சுமப்பது இன்னொரு தவறு. இருபதாவது கிலோமீட்டரைப் பற்றி நாலாவதில் யோசித்து என்ன ஆகப் போகிறது? அடுத்த திருப்பம், அடுத்த பாலம், ஓடும்போதே சாப்பிடும் அடுத்த எனர்ஜி ஜெல், அவ்வளவுதான். வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும் பாதையும் வேண்டாம், ஒவ்வொரு சுற்றிலும் வாசல் கூப்பிடும். நேராகப் போய்த் திரும்பும் பாதையில் பாதி முடிந்தால் மீதி தானாக முடியும். எந்த வழியில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு போங்கள்.

பாட்டு நல்லதுதான், மிதமான வேகத்தில் களைப்பு தெரியாமல் செய்கிறது. ஆனால் முதல் நிமிடத்திலேயே போட்டுவிட்டால் பின்னால் உதவிக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. முதல் பாதியை ஊரின் சத்தத்துக்கும் உங்கள் மூச்சுக்கும் கொடுங்கள், அப்புறம் பாட்டு. அப்போதும் ஒரு காது திறந்தே இருக்கட்டும்.

கஷ்டமான நேரத்தில் என்ன சொல்லிக்கொள்வது என்பதை அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது, அப்போது நல்ல வார்த்தை எதுவும் வாயில் வராது. 2014-ல் வந்த ஓர் ஆய்வில், ஊக்கம் தரும் வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பழகியவர்கள் சைக்கிள் சோதனையில் சுமார் 18 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். ‘தோளைத் தளர்த்து’, ‘இந்த மேடு மட்டும்’ மாதிரி உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்றை முன்பே எடுத்து வையுங்கள். மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே வலி கூடும்போது வேண்டுமென்றே சிரிப்பார், அதையும் முயன்று பாருங்கள், முகத்தோடு தோளும் இளகும்.

மகிழ்ச்சி விஷயத்தில் நடக்கும் தவறு, ரன்னர்ஸ் ஹை என்கிற, நீண்ட ஓட்டத்தில் சிலருக்கு வரும் மிதப்பு எப்போது வரும் என்று காத்துக்கொண்டே ஓடுவது. அந்த மிதப்புக்கு, உடல் சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின்தான் காரணம் என்று பலரும் சொன்னாலும், கஞ்சாவில் உள்ளவை போல வேலை செய்யும், உடலே சுரக்கும் எண்டோகன்னாபினாய்டுகளுக்கு அதில் பெரிய பங்கு இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. எதுவானாலும் அது சொல்லிவைத்து வருவதில்லை. மாதம் ஒரு தடவையாவது வாட்சைச் சட்டைக்கையில் மறைத்துவிட்டு, தூரம் பார்க்காமல், இதுவரை போகாத ஒரு சாலையில் ஓடுங்கள். பிடித்த இடத்தில் நின்று பார்க்கலாம், யாரும் நேரம் குறிக்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் கவனம். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், நடையையே மாற்றும் அளவுக்குக் குத்தும் வலி, இவற்றில் எது வந்தாலும் மேலே சொன்ன வாக்கியங்களைப் பயன்படுத்தித் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு யாரையாவது போனில் கூப்பிடுங்கள்.