கார் பெட்ரோலைக் குடிக்கிறதா? காரணம் தேடும்போது செய்யக் கூடாதவை

லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தந்துகொண்டிருந்த கார் பதினொன்றரைக்கு இறங்கினால், எங்கோ ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தேடத் தொடங்கும் புதியவர்கள், நாங்களும் தொடக்கத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் விழுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை. டயரில் காற்றுக் குறைவு, அடைத்துப்போன ஏர் ஃபில்டர், பின்னால் இறக்காமல் கிடக்கும் மூட்டைகள் எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றைச் சரிசெய்த பிறகும் பெட்ரோல் கரைகிறது என்றால் மேலே படியுங்கள்.

ஐம்பது வெள்ளிக்கு ஊற்றிவிட்டுக் கணக்குப் போடுவது

டேங்க் நிரம்பாத கணக்கு கணக்கே இல்லை. பம்ப் தானாக முதல் முறை 'டக்'கென்று நிற்கும்வரை ஊற்றுங்கள், அதற்குமேல் ஒரு சொட்டுகூட வேண்டாம். ட்ரிப் மீட்டரைச் சுழியமாக்குங்கள். அடுத்த முறையும் அதே நிலையம், முடிந்தால் அதே பம்ப். ஓடிய தூரம் 480 கிலோமீட்டர், ஊற்றியது 40 லிட்டர் என்றால் லிட்டருக்கு 12. இப்படி மூன்று டேங்க் எழுதி வைத்த பிறகுதான் பேச்சே. பம்ப் நிற்கும் இடத்தில் ஒரு லிட்டர் முன்பின் இருந்தால், 40 லிட்டரில் பிழை இரண்டரை விழுக்காடு. 15 லிட்டர் மட்டும் ஊற்றியிருந்தால் கிட்டத்தட்ட ஏழு.

சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். முக்கால் டேங்க் இல்லாமல் சிங்கப்பூர்க் காரை எல்லை தாண்ட விடமாட்டார்கள் என்பதால், சோதனைச்சாவடிக்கு முன் அவசரமாகக் கொஞ்சம் ஊற்றுவோம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டுவோம். அந்த டேங்க்கை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். அதோடு ஒப்பிட்டால், திங்கட்கிழமை நகருக்குள் ஓடும் நல்ல கார்கூடப் பழுதானதுபோல் தெரியும்.

98 ஊற்றிப் பார்ப்பது

ஆக்டேன் 95 பெட்ரோலுக்கு வடிவமைத்த எஞ்சினில் விலை கூடிய 98 ஊற்றினால் எந்தப் பழுதும் தீராது. 2021-இல் பெட்ரோல் வரி (தீர்வை) உயர்ந்தபோது 98-க்கு லிட்டருக்கு 79 காசு, 95-க்கு 66 காசு என்று வைத்தார்கள். அந்த வித்தியாசமும் உங்கள் பையிலிருந்துதான் போகிறது.

அளக்காமலே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது

இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். "பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குது" என்றதும் யாராவது ஒருவர் "ஓ2 சென்சார் போயிருக்கும்" என்பார். பல நூறு வெள்ளி பறந்துவிடும். அதிலும் சிலர், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். அதன் முக்கிய வேலை கன்வெர்ட்டரைக் கண்காணிப்பது. பெட்ரோல்-காற்றுக் கலவையைத் தீர்மானிப்பது முன்னால் இருப்பது.

மாற்றும் முன் காரின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டும் ஓபிடி ரீடர் ஒன்றைச் செருகுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்கட்டும், ஏர்கான் வேண்டாம். லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் என்ற எண்ணை (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டி, அதாவது பிளஸ், அல்லது குறைத்து, அதாவது மைனஸ், சரிக்கட்டுகிறது என்பது) ஐடிலில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, ஒரு முறை, 2500 ஆர்பிஎம்மில் ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் காற்றை மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அளந்து சொல்கிறது. எரிந்து வெளியேறும் புகையை ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சொல்கிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு சாட்சிகள். இரண்டு இடத்திலும் ட்ரிம் ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன என்று பொருள். சென்சாரைச் சந்தேகிக்கக் காரணமில்லை.

ஐடிலில் பிளஸ் 15, ஆர்பிஎம் ஏறியதும் இறங்குகிறது என்றால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் விரித்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் மடிப்பின் அடியில், மேலிருந்து தெரியாத பக்கத்தில் இருக்கும். எஞ்சின் குலுங்கும்போது மட்டும் அது வாய் திறக்கும். ஐடிலில் சரியாக இருந்து, மேட்டில் ஏறும்போது பிளஸ் ஆனால் ஏர்ஃப்ளோ சென்சாரின் அழுக்கையோ பெட்ரோல் அழுத்தக் குறைவையோ தேடுங்கள். இரண்டு இடத்திலும் மைனஸ் என்றால் பெட்ரோல் கூடுதலாக வருகிறது: ஒழுகும் இன்ஜெக்டர், டேங்க்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் இருப்பது. பி0171 என்ற பிழைக் குறியீடு 'கலவையில் பெட்ரோல் போதவில்லை' என்று மட்டுமே சொல்கிறது. சென்சாரை மாற்றச் சொல்லவில்லை!

மேலே சொன்ன 13-இலிருந்து பதினொன்றரைக்கு இறங்கிய காரையே எடுத்துக்கொள்வோம். நான்கு பிளக், முன் சென்சார், இன்ஜெக்டர் கழுவல் எல்லாம் முடிந்தும் ஒரு மாற்றமும் இல்லை. பிழைக் குறியீடு எதுவும் இல்லை, ட்ரிம் இரண்டு விழுக்காடு. அப்படியானால் கலவையில் குறையில்லை, வேறெங்கோ போகிறது. அதே ரீடரில் கூலன்ட் வெப்பநிலையைத் திறந்து வைத்துக்கொண்டு பிஐஇ விரைவுச்சாலையில் ஓட்டியதும் விடை கிடைத்தது. நெரிசலில் 84 டிகிரி, நெரிசல் விலகி மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓடத் தொடங்கியதும் 68 டிகிரி. ரேடியேட்டருக்குப் போகும் கூலன்ட்டைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. டேஷ்போர்டு முள்ளோ முழு நேரமும் நடுவிலேயே நின்றது. பல கார்களில் முள் சின்ன ஏற்ற இறக்கங்களைக் காட்டாதபடிதான் அமைத்திருக்கிறார்கள்.

68 டிகிரியில் எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்றே கம்ப்யூட்டர் நினைக்கிறது. ஆயில் கெட்டியாக இருக்கிறது, ஆட்டோ கியரில் எஞ்சினையும் கியரையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் தாமதமாகவே லாக் ஆகிறது. நம்மூர்ச் சூட்டில் எஞ்சின் குளிராது என்று நினைத்து இதை யாரும் பார்ப்பதில்லை. காற்று அடித்து ரேடியேட்டர் குளிரும்போது ஊரின் சூடு காப்பாற்றாது.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். குளிர்ந்த நிலையில் வட்ட வால்வைச் சுற்றி வெளிச்சக் கோடு தெரிந்தால் அது மூடவில்லை. புதிதைப் போடும் முன் அதன்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 82 என்றால், பாத்திரத்து நீரில் போட்டுச் சூடாக்கும்போது நீர் 82 டிகிரியை எட்டியதும் அது மெல்லத் திறக்கத் தொடங்க வேண்டும். கேஸ்கெட்டும் கூலன்ட்டும் கூடவே புதிதாகப் போடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றி 'ரீசெட்' செய்வது

செய்யாதீர்கள். ட்ரிம் எண்கள் அழிந்தால் தடயமும் அழியும்.

டேங்க்கில் மருந்து ஊற்றுவது

காரணம் தெரியும்வரை வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் விடுவது

ஏர்கானோடு ஐடிலில் நிற்கும் சிறிய கார் மணிக்கு முக்கால் லிட்டர், சில சமயம் ஒரு லிட்டர்வரை எரிக்கும். பிள்ளைக்காகப் பள்ளி வாசலில் தினம் இருபது நிமிடம் என்றால் கால் லிட்டராவது போகும், ஒரு மீட்டர்கூட ஓடாமல். நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றமும்கூட.

சக்கரங்களின் சூட்டைப் பார்க்காமல் விடுவது

பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தால் ஓட்டும்போது தெரியாது. விரைவுச்சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை முடிந்தவரை மிதிக்காமல் வந்து நிறுத்துங்கள். உடனே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நான்கு டிஸ்க்குக்கும் காட்டுங்கள். கை வேண்டாம், சுடும். இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் முப்பது டிகிரி கூடுதல் என்றால் அந்தச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலும் காலிப்பரின் ஸ்லைடு பின் காய்ந்து இறுகியிருக்கும். கழற்றி, துருவைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைத்துவிடும், ஸ்லைடு பின் மறுபடியும் இறுகும்.